ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இந்த வாரம்: 'கு' வரிசை, பத்துக் கட்டு, டம்ளரில் பயறு

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வாரம் மூன்று வேலைகள்: தமிழில் உகர, ஊகார வரிசை (கு, கூ), கணக்கில் இனமாற்றத்துடன் (பத்து ஒன்றுகளை ஒரு பத்தாக மாற்றி) கூட்டல், சூழ்நிலையியலில் விதை முளைப்பது. இவற்றைப் பற்றி வாசலில் நின்று பெற்றோர் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். உங்கள் பிள்ளை எதில் தடுமாறுகிறதோ அதை மட்டும் படித்தாலும் போதும்.

கா, கி, கீ எல்லாம் சுலபமாக வந்தது. 'கு' வந்ததும் ஏன் தகராறு?

கால் போட்டால் 'கா', 'மா', 'பா'. எந்த மெய்யோடு வந்தாலும் அதே கால்தான். கொம்பும் அப்படியே. உகரத்துக்கு அப்படி ஒரே குறி கிடையாது. 18 மெய்யும் மூன்று விதமாகப் பிரிகின்றன.

கீழே நேராக ஒரு கோடு இறங்குபவை: ஙு, சு, பு, யு, வு.

கீழே இறங்கி வலப்பக்கம் ஏறுபவை: ஞு, ணு, து, நு, லு, று, னு.

அடியில் வளைந்து சுற்றுபவை: கு, டு, மு, ரு, ழு, ளு.

ஐந்து, ஏழு, ஆறு, மொத்தம் பதினெட்டு. கரும்பலகையில் 'கு ஙு சு ஞு டு ணு' என்று அகரவரிசைப்படி எழுதிப் போட்டால் வடிவம் அடிக்கடி மாறும். பிள்ளைக்கு ஒரு பிடியும் கிடைக்காது. அதனால் வகுப்பில் இந்த மூன்று குடும்பமாகத்தான் எழுத வைக்கிறோம். வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். முதலில் 'சு, பு, வு' மூன்று மட்டும். ஒரே ஒரு கோட்டை இழுத்துவிட்டால் எழுத்து மாறிவிடுகிறது என்பது பிள்ளைக்குப் பிடித்துப்போகும். 'ஙு', 'ஞு' இரண்டுக்கும் சொல்லே கிடையாது. வரிசையில் ஒரு தடவை காட்டினால் போதும், அவற்றில் மெனக்கெட வேண்டாம்.

'கூ' வரிசைக்கும் இதே மூன்று குடும்பமா?

ஏறக்குறைய. 'து' குடும்பம்தான் ரொம்ப எளிது: இருக்கிற எழுத்தோடு ஒரு கால் சேர்த்தால் தூ, நூ, லூ, றூ, ணூ, னூ. நூல், தூண் என்று உடனே சொல் எழுதிவிடலாம். 'மு' குடும்பத்தில் வளைவுக்கு ஒரு சுழி கூடும்: மூ, டூ, ரூ, ளூ. 'பூ, யூ, வூ' மூன்றும் ஒரே மாதிரி. 'கூ', 'சூ' இரண்டும் யாரோடும் சேராது. அவற்றுக்கு விதி சொல்லிக்கொடுக்க முயல வேண்டாம். கூடு, கூடை, சூடு, சூரியன் என்று சொல்லோடு பார்த்துப் பழகட்டும்.

வீட்டுப்பாட நோட்டில் அதிகம் தென்படும் பிழை 'ரு', 'ரூ' மாறுவது. ரூபாய் நாணயத்தை எடுத்து வைத்து, அதை எப்படி எழுதுவது என்று கேளுங்கள். குறில் நெடில் வித்தியாசத்தைப் பிள்ளை காதால் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'குடு', 'கூடு' இரண்டையும் சொல்லிவிட்டு, எது நீளம் என்று கையை விரித்துக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். காதில் வித்தியாசம் விழாத பிள்ளைக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

'குடை' என்று எழுதச் சொன்னால் 'கொடை' என்று எழுதுகிறான். சரியாகப் படிக்கவே இல்லையா?

அவன் நன்றாகத்தான் படித்திருக்கிறான். வாயால் சொல்வதைக் காதால் கேட்டு அப்படியே எழுதுகிறான். நாம் யாரும் வீட்டில் 'குடை' என்று சொல்வதில்லை, 'கொட' என்றுதான் சொல்கிறோம். முகம் 'மொகம்' ஆகிறது, உடம்பு 'ஒடம்பு' ஆகிறது, புகை 'பொக' ஆகிறது. இகரத்திலும் இதே கதைதான்: இலை 'எல', இடம் 'எடம்', விலை 'வெல'. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால் முன்னால் இருக்கும் உ, இ இரண்டும் பேச்சில் ஒ, எ ஆகிவிடும்.

அதனால்தான் இந்த வாரத்துச் சொற்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறோம்: புலி, துணி, நுனி, குருவி, புளி, முள். பேச்சிலும் எழுத்திலும் உகரம் மாறாத சொற்கள் இவை. இவற்றில் கை திரும்பிய பிறகு குடை, முகம், உடம்பு வரும். அப்போது 'பேசும்போது கொட, எழுதும்போது குடை' என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொடுப்போம். வீட்டில் பேசுவது தப்பு என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் வகுப்பில் வாயைத் திறக்கவே தயங்குவார்கள்.

இன்னொரு சிக்கல் சொல்லின் கடைசியில் வரும் உகரம். காசு, வீடு, பாட்டு, ஆறு ஆகியவற்றில் கடைசி 'உ' முழுசாக ஒலிக்காது, உதடு குவியாமல் பாதியில் நின்றுவிடும். இலக்கணத்தில் இதுதான் குற்றியலுகரம். அந்தப் பெயர் ஏழு வயதில் தேவையில்லை. ஆனால் 'வீடு' என்பதை 'வீட்' என்று எழுதினால் காரணம் இதுதான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 'வீ…டு' என்று உதட்டைக் குவித்து ஒருமுறை சொல்லிக் காட்டினாலே திருத்திக்கொள்வார்கள்.

தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுத வைக்கலாமா?

வேண்டாம். மூன்றாவது தடவைக்குப் பிறகு பிள்ளை சொல்லை எழுதுவதில்லை. மேல் வரியைப் பார்த்து வரைகிறது. சில நோட்டில் முதல் எழுத்தைப் பத்து வரியிலும் வரிசையாக எழுதிவிட்டு, பிறகு இரண்டாம் எழுத்தைப் பத்து வரியிலும் எழுதியிருப்பது தெரியும். நாலாவது வரியில் ஒரு கோடு விட்டுப்போனால் கடைசி வரை விட்டுப்போயே வரும்.

அதற்குப் பதில்: சொல்லைப் பார்க்கட்டும், மூடட்டும், வாய்விட்டுச் சொல்லட்டும், எழுதட்டும், திறந்து தானே சரிபார்க்கட்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு தடவை. ஒரு நாளைக்கு ஐந்து சொல். தமிழுக்கு இரட்டைக்கோடு நோட்டு; நாலு கோடு நோட்டு ஆங்கிலத்துக்கு. கோடு மாறினால் 'கு'வின் வளைவுக்குக் கீழே இடம் இல்லாமல் போய் எழுத்து நசுங்கும்.

ந, ண, ன மூன்றும் குழம்புகிறது. ஏதாவது வழி உண்டா?

உண்டு. பிள்ளைகள் ரசித்துக் கற்கும் விஷயம் இது. சொல்லின் முதலில் வந்தால் 'ந': நரி, நாய், நிலா. நடுவில் புள்ளியோடு வந்தால் பின்னால் வரும் எழுத்தைப் பார்க்க வேண்டும். 'த' வந்தால் 'ந்' (பந்து), 'ட' வந்தால் 'ண்' (வண்டு), 'ற' வந்தால் 'ன்' (கன்று). பந்து, வண்டு, கன்று மூன்றையும் படம் வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள். எல்லா இடத்துக்கும் இது போதாது. கண், மான் போன்றவற்றைச் சொல்லாகவே பழக வேண்டும். ஆனால் பிழைகளில் பெரும் பகுதி இதில் தீரும்.

ல, ள, ழ பற்றி இந்த வாரம் அழுத்தம் கொடுக்கவில்லை. 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியில், 'ள'வுக்கு நாக்கு வளைந்து மேல் அண்ணத்தைத் தொடும், 'ழ'வுக்குத் தொடாமல் வருடும். கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவு போதும் இப்போதைக்கு.

தாத்தா 'லை', 'னை' எழுதிக் காட்டுகிறார். புத்தகத்தில் இருப்பது போல இல்லை. எது சரி?

இரண்டும் ஒரே எழுத்துதான். லை, னை, ணை, ளை நான்குக்கும் முன்பு எழுத்தின் மேலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது. ணா, றா, னா மூன்றுக்கும், அவற்றின் ஒகர ஓகாரங்களான ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் 1935-லேயே தன் ஏட்டில் கைக்கொண்ட சீர்திருத்தத்தை, தமிழக அரசு 1978-ல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் படித்தவர்கள் கை பழகியபடி எழுதுகிறார்கள். மொத்தம் 13 எழுத்து. பிள்ளை புதிய வடிவத்தில் எழுதட்டும். தாத்தாவின் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தால் அது உபரி லாபம்.

கணக்கில் 'இனமாற்றம்' என்கிறார்கள். நாங்கள் படித்தபோது 'மீதி ஒண்ணு கையில்' என்போம். ரெண்டும் ஒன்றா?

ஒன்றுதான். பத்து ஒன்றுகளை ஒரு பத்தாக மாற்றுவதால் இனமாற்றம். 'கையில் ஒண்ணு' என்றால் அந்த ஒன்று எங்கிருந்து வந்தது, ஏன் பக்கத்து வரிசைக்குப் போகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. சரியாக விடை வரும், புரிந்திருக்காது. அடுத்த வாரம் கழித்தலில் மாட்டிக்கொள்ளும்.

வகுப்பில் செய்வது இதுதான். தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி 50 குச்சி, ரப்பர் பேண்ட் 5. பத்துப் பத்தாகக் கட்டினால் கட்டு, கட்டாதது உதிரி. 27 + 15 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம்.

27 என்றால் 2 கட்டு, 7 உதிரி. 15 என்றால் 1 கட்டு, 5 உதிரி. உதிரிகளைச் சேர்த்தால் 12. அதில் 10-ஐ எண்ணிக் கட்டு போட வேண்டும்; இந்த இடத்தில் பிள்ளையின் கைதான் ரப்பர் பேண்டைப் போட வேண்டும், உங்கள் கை கூடாது. மீதி உதிரி 2. கட்டுகள் 2 + 1, புதுக் கட்டு 1, ஆக 4. விடை 42. இரண்டு மூன்று நாள் குச்சி, பிறகு நோட்டில் கட்டுக்கு ஒரு நீளக் கோடு, உதிரிக்குப் புள்ளி, அதற்கப்புறம்தான் எண் மட்டும். முதல் நாளே எண்ணுக்குத் தாவினால் குச்சி விளையாட்டுப் பொருளாகிவிடும்.

விடை தப்பாக வருகிறது. எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தப்பு விடையே சொல்லிவிடும். அதே 27 + 15-ஐ வைத்துப் பாருங்கள்.

விடை 312 என்றால், 7 + 5 = 12 என்பதை அப்படியே எழுதி, பக்கத்தில் 3 போட்டிருக்கிறது. கூட்டல் தெரியும், இட மதிப்பு தெரியவில்லை. குச்சிக்குத் திரும்புங்கள்.

32 என்றால் புதுக் கட்டைச் சேர்க்க மறந்துவிட்டது. இது கவனக்குறைவு. பத்துகள் வரிசைக்கு மேலே சின்னதாக 1 எழுதும் பழக்கம் வந்தால் சரியாகும்.

51 வந்தால், 12-ல் 1-ஐக் கீழே எழுதி 2-ஐ மேலே ஏற்றியிருக்கிறது. எது கட்டு, எது உதிரி என்று கேளுங்கள்.

41 வந்தால் இனமாற்றத்தில் பிழையே இல்லை. 7-லிருந்து ஐந்து எண்ணும்போது '7, 8, 9, 10, 11' என்று 7-ஐயும் சேர்த்து எண்ணியிருக்கிறது. 'ஏழு மனசுல, அடுத்து எட்டு' என்று தொடங்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் நான்கு தப்புக்கும் ஒரே மருந்து: 'திரும்பப் போடு'. 41 போட்ட பிள்ளைக்கு இட மதிப்பைத் திரும்ப நடத்தினால் தெரிந்ததும் குழம்பிவிடும்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம்தான். எண்கள் சாய்ந்து போய் 7-ன் கீழே 1 வந்துவிடுவதாலும் தப்பு வரும். பார்ப்பதற்குப் பெரிய குழப்பம் போலத் தெரியும்; நோட்டை மாற்றினால் போய்விடும்.

எண்ணும்போது சரியாகச் சொல்கிறாள். 'இருபத்து மூன்று' எழுதச் சொன்னால் 203 எழுதுகிறாள்?

இருபது கேட்டது, 20 எழுதினாள். மூன்று கேட்டது, 3 எழுதினாள். அவள் காதுக்கு அது நியாயமே. இதற்கு அட்டை நல்லது. நீளமான அட்டையில் 20, அதில் பாதி அகல அட்டையில் 3. 20-ன் சுழியத்தின் மேல் 3-ஐ வைத்து மூடினால் 23. சுழியம் ஒளிந்துகொண்டது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இதைவிடச் சிக்கலான இடம் தொண்ணூறு. இருபது, முப்பது, நாற்பது என்று எல்லாவற்றிலும் 'பது' வரும். தொண்ணூறில் மட்டும் 'நூறு' ஒலிக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து பிள்ளை தடுமாறினால், அல்லது தொண்ணூற்று ஐந்தை நூறைத் தாண்டிய எண்ணாக எழுதினால், அது மொழியின் வேலை. ஒன்பது பத்தை ஒட்டி நிற்கிறது, தொண்ணூறு நூறை ஒட்டி நிற்கிறது, மேலே போனால் தொள்ளாயிரம் ஆயிரத்தை ஒட்டி நிற்கும். 9 கட்டைக் கையில் கொடுத்து 'இதுதான் தொண்ணூறு' என்று சொல்லுங்கள். எழுபது, எண்பது இரண்டும் காதில் ஒன்றுபோல விழும்; அவற்றையும் கட்டை வைத்தே பிரித்துக் காட்டுங்கள்.

பயறு முளைக்க வைத்து எடுத்துவரச் சொன்னார்கள். முளைக்கவே இல்லை!

முதல் கேள்வி: போட்டது பச்சைப்பயறா, பாசிப்பருப்பா? ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூன்று வீட்டில் பருப்பைப் போட்டுவிடுவார்கள். தோலை நீக்கி இரண்டாக உடைத்த பருப்பு முளைக்காது. தோலோடு முழுசாக இருக்கும் பச்சைப்பயறு வேண்டும். வண்டு துளைத்ததும் ஆகாது.

ஆறு பயறை இரவு முழுதும் ஊறவையுங்கள், எட்டு மணி நேரம். கண்ணாடி டம்ளரின் உட்புறம் பஞ்சைச் சுற்றி வைத்து நனைத்து, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பயறைச் செருகுங்கள். அப்போதுதான் வேர் வெளியிலிருந்து தெரியும். ஒன்றிரண்டு நாளில் வேர் எட்டிப்பார்க்கும், பிறகு தண்டு, ஒரு வாரத்துக்குள் இலை. பஞ்சு ஈரமாக இருந்தால் போதும்; டம்ளரில் தண்ணீர் தேங்கினால் விதைக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகி நாறும். காய்ந்துபோனாலும் நின்றுவிடும். காலையும் மாலையும் நாலைந்து சொட்டு.

முடிந்தால் இன்னொரு டம்ளரை அலமாரிக்குள் மூடி வையுங்கள். இருட்டில் வளர்ந்தது நெட்டையாக, வெளிறிப்போய், மஞ்சளாக நிற்கும். ஏன் அது உயரமாக இருக்கிறது என்ற கேள்வியை வகுப்பில் கேட்கப் போகிறோம். விடையை வீட்டிலேயே சொல்லிவிடாதீர்கள். நோட்டில் நாளுக்கு ஒரு படம், பக்கத்தில் ஒரு வரி: 'இன்று வேர் வந்தது.' முதலில் வந்தது வேரா இலையா என்பதைப் பிள்ளையே பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

என் மகளுக்கு 'அரும்பு' நூல் கொடுத்திருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவனுக்கு 'மொட்டு'. பின்தங்கிவிட்டாளா?

இந்த நூல்கள் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைச் சேர்ந்தவை. அது 2022 ஜூன் 13-ல் தொடங்கியது. கொரோனாவில் பள்ளி மூடியிருந்ததால் பிள்ளைகளின் படிப்பில் விழுந்த இடைவெளியை நிரப்புவதும், எட்டு வயதுக்குள் பிழையில்லாமல் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வைப்பதும் நோக்கம். முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை. பிறகு 4, 5-க்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்றும் நிலைகள். வயதுக்கேற்ப இல்லாமல், பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவதற்காக. நிலை மாறும். உங்கள் மகள் எந்த நிலை என்பதைவிட, எதை முடித்தால் அடுத்த நிலை என்று டீச்சரிடம் கேளுங்கள். அதற்கு ஒரு வரியில் பதில் கிடைக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் சின்ன 'பி'யும் (b) சின்ன 'டி'யும் (d) மாற்றி எழுதுகிறான். எப்போது கவலைப்பட வேண்டும்?

ஏழு வயது வரை இது சகஜம். 'பி'க்கு முதலில் கோடு, பிறகு வட்டம். 'டி'க்கு முதலில் வட்டம், பிறகு கோடு. எழுதும் வரிசையைப் பிடித்துவிட்டால் திசை தானாக வரும். எட்டு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால், படிப்பதிலும் திணறினால், டீச்சரிடம் தனியாகப் பேசுங்கள்.

வேறு இரண்டு அடையாளங்களுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். புத்தகத்தைப் பார்த்துச் சரியாக எழுதும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதினால் கண்ணைப் பரிசோதியுங்கள். பார்த்து எழுதுவது சரியாக இருந்து, சொல்வதை எழுதுவது மட்டும் தொடர்ந்து தப்பினால், சளி பிடித்த நாட்களில் அது கூடினால், காதைக் காட்டுங்கள். சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் சிலருக்குக் கண்ணாடி போட்டதும் பெயர் மாறிவிடும்.

வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார வைப்பது?

இந்த வயதில் 20 நிமிஷம். அதில் பத்து நிமிஷம் பிள்ளை வாய்விட்டுப் படிக்க நீங்கள் கேட்பது. படிக்கும்போது தப்பினால் உடனே குறுக்கிடாதீர்கள்; வரி முடியட்டும். பாதிப் பேர் தாங்களே திரும்பி வந்து திருத்திக்கொள்வார்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்காரலாம். பிள்ளை விரல் வைத்துப் படிக்கிறதா, படத்தைப் பார்த்து ஊகிக்கிறதா என்று பார்த்தாலே தெரியும்.

அடுத்த வாரம் என்ன? என்ன கொடுத்தனுப்ப வேண்டும்?

கழித்தல். 42 − 15-க்குப் பிள்ளைகள் 33 என்று எழுதுவார்கள். 2-லிருந்து 5 போகாது என்றதும் 5-லிருந்து 2-ஐக் கழித்துவிடுவார்கள். அங்கே கட்டை அவிழ்க்க வேண்டும், அதனால் இந்த வாரம் கட்டிய கட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். திங்கட்கிழமை ஒரு துணிப்பையில் 5 கட்டு, பயறு வளர்ந்த டம்ளர், படம் வரைந்த நோட்டு. ஈர்க்குச்சியின் நுனியை மழுங்கலாக நறுக்கி அனுப்புங்கள், பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து. டம்ளர் கண்ணாடியாக இருந்தால் பிள்ளையிடம் கொடுக்காமல் நீங்களே கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.